காரணத்தைச் சொல்லுங்க, தட்டைச் சொல்றோம்: பால், முட்டை, கறி விட்டு முழுத் தாவர உணவுக்கு மாறுவோருக்கான இழை

#1 கேழ்வரகுக்கூழ் (இழையைத் தொடங்கியவர்)

"நனிசைவத்துக்கு (வீகன்) மாறணும், என்ன சாப்பிடலாம்?" என்ற கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. உடனே கீழே பாதாம் பால், டோஃபு, சியா விதை என்று பட்டியல் குவிகிறது. எதற்காக மாறுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் சொல்கிற எந்தப் பதிலும் பாதிக்குப் பாதிதான் சரியாக வரும்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர் நெய்யை விட வேண்டிய அவசியமே இல்லை. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) ஏறியதால் மாறுகிறவர் நெய்யை விட்டுத் தேங்காய் எண்ணெய்க்குப் போனால் அடுத்த ரிப்போர்ட்டில் எண் இன்னும் ஏறியிருக்கலாம். கன்றுக்குட்டியை நினைத்துப் பாலை விடுகிறவர் மாத்திரையின் மேல்கூடு வரைக்கும் பார்க்க வேண்டும். சுற்றுச்சூழலுக்காக மாறுகிறவருக்குக் கணக்கே வேறு.

எனவே எழுதுகிறவர்கள் எந்தக் காரணத்துக்கு எழுதுகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டு, அளவு, செய்முறை, எங்கே சறுக்கும் என்பதை எழுதுங்கள். சொந்தக் கதைகளும் "பத்தே நாளில் பளபளப்பு" வகையறாவும் வேறு இழைக்கு.

#2 ஆய்வகத்தட்டு

வயிற்றில் இருந்து தொடங்குகிறேன். தேவையே இல்லாமல் அதிகம் விடுகிறவர்கள் இந்தக் காரணக்காரர்கள்தான்.

பால் ஒத்துக்கொள்ளாததில் இரண்டு வகை உண்டு. முதலாவது லாக்டோஸ் செரியாமை. பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி வயது ஏறும்போது குடலில் குறைந்துபோகிறது. நம் பக்கத்துப் பெரியவர்களில் இது சர்வசாதாரணம். உப்புசம், காற்று, வயிற்றுப் பிசைவு, பேதி. இரண்டாவது பால் புரத ஒவ்வாமை. தோல் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று வரும். முதலாவதில் அளவு மீறினால்தான் தொல்லை. இரண்டாவதில் ஒரு துளியும் கூடாது. நெய்யில் ஒட்டியிருக்கும் புரத மிச்சம்கூட ஆகாது.

லாக்டோஸ்தானா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். இரண்டு வாரம் பால், டீ, காபி, ஐஸ்கிரீம், பால்கோவா, பால் பவுடர் போட்ட பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் 200 மி.லி. பால். அதில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் இருக்கும். அரை மணியில் இருந்து சில மணி நேரத்துக்குள் பழைய தொல்லை திரும்பினால் சந்தேகம் வலுக்கிறது. உறுதியாக வேண்டுமென்றால் ஹைட்ரஜன் மூச்சுச் சோதனை இருக்கிறது. தடிப்பு, மூச்சிரைப்பு வருகிறவர்கள் இந்த வீட்டுச் சோதனையைச் செய்யவே கூடாது, நேராக மருத்துவரிடம் போங்கள்.

லாக்டோஸ்தான் என்று தெரிந்தால் பாலை மட்டும் விட்டால் போதும். நன்றாக உறைந்த தயிரில் சர்க்கரையின் ஒரு பகுதியைப் பாக்டீரியா தின்றுவிட்டிருக்கும், மீதியைச் செரிக்கவும் அதுவே கொஞ்சம் உதவும். நீர்மோர் இன்னும் லேசு. நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை.

#3 மோர்ப்பந்தல்

நாட்டுமாட்டு ஏ2 பால் குடித்தால் இந்தப் பிரச்சினை வராது என்று விற்கிறார்களே?

#4 ஆய்வகத்தட்டு

ஏ1, ஏ2 என்பது பீட்டா கேசீன் என்ற புரதத்தின் வகை. லாக்டோஸ் இரண்டிலும் உண்டு. ஏ2 என்று எழுதியிருப்பதால் லாக்டோஸ் குறையாது. எருமைப்பாலும் அப்படியே.

#5 கொப்பரை

கொலஸ்ட்ரால் காரணத்துக்கு வருவோம். தொடக்கப் பதிவில் தேங்காய் எண்ணெயைப் போகிற போக்கில் குத்தியிருக்கிறீர்கள். தாவர உணவில் கொலஸ்ட்ராலே கிடையாது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட ஊர்கள் இருக்கின்றன. நெய்யை விட்டவருக்கு வேறு என்னதான் மிச்சம்?

#6 செக்கடி

அண்ணே, தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் எல்டிஎல்லை ஏற்றுவதில் பெரிய பங்கு, சாப்பாட்டில் இருக்கும் கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

ஒரு மேசைக்கரண்டி நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு 8 முதல் 9 கிராம். அதே கரண்டி தேங்காய் எண்ணெயில் 12 கிராம் பக்கம். கெட்டித் தேங்காய்ப்பால் 100 மி.லி. எடுத்தால் 18 கிராம் வரை போகும். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பே 22 கிராம்தான். அதாவது அரை டம்ளர் கெட்டிப்பால் சொதியோடு அன்றைய ஒதுக்கீடு ஏறக்குறைய காலி.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. தாளிப்புக்கும் பொரியலுக்கும் இவையே போதும். ஆளுக்கு நாளைக்கு மூன்று, நான்கு தேக்கரண்டி. மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறோம் என்று பார்த்து ஆட்களால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். கரண்டிக் கணக்கு பொய் சொல்லும், டப்பாக் கணக்கு சொல்லாது.

#7 கொப்பரை

தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும் ஏற்றுமே?

#8 ஆய்வகத்தட்டு

ஏற்றும். கூடவே எல்டிஎல்லையும் ஏற்றும். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை உயர்த்துவது தெளிவாக வந்திருக்கிறது. எச்டிஎல் ஏறியதால் இதயம் தப்பிக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எல்டிஎல் அளவாக இருப்பவர் அவியலுக்கு ஒரு கரண்டி விட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எல்டிஎல்லுக்காகவே பாலையும் கறியையும் விட்டவர் அங்கே இளகினால் விட்டதற்குப் பலன் குறையும்.

இதைவிடப் பெரிய சறுக்கல் வேறொன்று. கறிக்குழம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறு, பரோட்டா, பூரி, ரஸ்க் என்று நிரப்புவது. எல்லாம் தாவரம்தான். ஆனால் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறி எச்டிஎல் இறங்கும். தென்னிந்திய ரிப்போர்ட்டுகளில் வழக்கமாகப் பார்க்கும் கோலமே அதுதான். எடுத்த இடத்தில் பயறு வர வேண்டும்.

எல்டிஎல்லைக் கீழே இழுப்பது கரையும் நார். ஓட்ஸ் என்றால் சமைக்காத எடை 70 முதல் 80 கிராம். பார்லியிலும் அதே நார் உண்டு. இசப்கோல் உமி இரண்டு தேக்கரண்டியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் உமிக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மாறி இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் "இப்போ நான் வீகன்" என்று தானாக நிறுத்தாதீர்கள். பரம்பரையாக எல்டிஎல் மிக உயர்ந்திருக்கும் குடும்பங்களில் உணவு மட்டும் போதவே போதாது.

#9 லேபிள்கண்ணாடி

விலங்குகளுக்காக விடுகிறவர்கள் பக்கம். கறியை விடுவது சுலபம், கண்ணுக்குத் தெரியும். பால் மறைந்து வரும்.

பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள். நம் சட்டத்தில் பச்சைப் புள்ளி என்றால் பாலும் தேனும் இருக்கலாம். தேன்மெழுகும் அரக்கும்கூட அசைவக் கணக்கில் சேராத விலக்குப் பட்டியலில் உண்டு. ஆகவே உட்பொருள் வரிசையில் ஐஎன்எஸ் என்ற சேர்பொருள் எண்ணோடு 901 (தேன்மெழுகு), ஐஎன்எஸ் 904 (அரக்கு) போட்ட பளபளப்பு மிட்டாய் பச்சைப் புள்ளியோடு வரலாம். வீகனுக்குத் தனி முத்திரை இருக்கிறது: உள்ளே இலையோடு பச்சை 'வி' எழுத்து. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022இல் இதற்கென்று தனி விதிமுறையே கொண்டுவந்தது. முத்திரை வாங்காத தாவரப் பொருட்களும் ஏராளம், அதனால் அது இல்லாவிட்டால் பாலிருக்கிறது என்று அர்த்தமில்லை. உட்பொருள் வரிசையில் மில்க் சாலிட்ஸ், வே (whey), கேசினேட், பட்டர் ஆயில் ஆகியவற்றைத் தேடுங்கள். ஒவ்வாமை எச்சரிக்கை வரியில் "பால் உள்ளது" என்று இருந்தால் தேடலே வேண்டாம். "பால் கையாளும் ஆலையில் தயாரானது" என்று இருந்தால் அது கலப்பு எச்சரிக்கை மட்டும். கொள்கைக்காக மாறியவர் வாங்கலாம், புரத ஒவ்வாமை உள்ளவர் வாங்கக் கூடாது. காரணத்தைப் பொறுத்து தட்டு மாறும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது.

மருந்துக்கு இந்தப் புள்ளியே பொருந்தாது. மெத்தென்ற ஜெல் கேப்ஸ்யூல் பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பில் இருந்து எடுக்கும் ஜெலட்டின். விட்டமின் டி3 வழக்கமாக ஆட்டு ரோமக் கொழுப்பில் இருந்து வருகிறது. பாசிப்பூஞ்சையில் (லைக்கன்) இருந்து எடுத்த டி3யும் காளான், ஈஸ்ட் வழி வரும் டி2வும் கிடைக்கின்றன. ஆனால் மருத்துவர் உயிர் காக்க எழுதிய மருந்தைக் கூட்டைப் பார்த்து ஒதுக்குவது எந்த ஜீவகாருண்யத்திலும் சேராது.

ஓட்டலில்: பொங்கல் நெய்யில்லாமல் வராது. ரவா தோசை மாவில் மோர் ஊற்றுகிற கடைகள் உண்டு. பரோட்டா மாவில் பால், முட்டை, மில்க்மெய்ட் மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். குருமாவில் தயிர். "நெய் போடாதீங்க" என்று மட்டும் சொன்னால் வெண்ணெய் வரும். "பால், தயிர், நெய், வெண்ணெய் நாலும் வேண்டாம்" என்று எண்ணிச் சொல்லுங்கள்.

#10 மோர்ப்பந்தல்

பழனி பஞ்சாமிர்தம்?

#11 லேபிள்கண்ணாடி

விருப்பாச்சி வாழைப்பழம், வெல்லச் சர்க்கரை, ஏலக்காய் வரைக்கும் பிரச்சினை இல்லை. நெய்யும் தேனும் அதில் உண்டு. பிரசாதத்துக்கு விலக்கு வைத்துக்கொள்வதா என்பது அவரவர் மனசு, இழையில் அதற்கு ஓட்டெடுப்பு வேண்டாம்.

#12 மானாவாரி

சுற்றுச்சூழல் காரணம். 2018இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வின் உலகச் சராசரி: ஒரு லிட்டர் பசும்பாலுக்கு ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம், 628 லிட்டர் தண்ணீர். சோயாப் பாலுக்கு ஒரு கிலோ, 28 லிட்டர். பாதாம் பாலுக்கு வாயு குறைவு, தண்ணீர் 371 லிட்டர். அரிசிப் பாலுக்கு 270 லிட்டர், வாயு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், காரணம் வயலில் நிற்கும் தண்ணீரில் உண்டாகும் மீத்தேன்.

உலகச் சராசரி நம் தெருப் பால்காரரின் மாட்டுக்கு அப்படியே பொருந்தாது. வைக்கோலும் பிண்ணாக்கும் தின்கிற மாட்டின் கணக்கு வேறு. ஆனாலும் திசை தெளிவு. இந்தக் காரணத்துக்காக மாறுகிறவர் டெட்ரா பாக்கெட் பாதாம் பாலுக்குப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பாதாம் இறக்குமதிச் சரக்கு, லிட்டருக்கு நூற்றுக்கணக்கில் விலை, உள்ளே பாதாம் சில சதவீதம்தான். மானாவாரியில் விளையும் நிலக்கடலை பக்கத்துக் கடையில் இருக்கிறது.

#13 பழையசோறு

எல்லோரும் விட்டமின் பி12 மாத்திரை என்று பயமுறுத்துகிறார்கள். இட்லி மாவும் நீராகாரமும் புளிக்கும்போது பி12 உண்டாகிறது. நம் முன்னோர் மாத்திரையா போட்டார்கள்?

#14 ஆய்வகத்தட்டு

முன்னோர் மோர் குடித்தார்கள், மீன் சாப்பிட்டார்கள். முழுக்க முழுக்கத் தாவரம் என்பது அவர்கள் வழக்கமல்ல.

பி12ஐ உண்டாக்குவது சில வகைப் பாக்டீரியா மட்டும். மாவைப் புளிக்க வைக்கும் கூட்டத்தில் அவை இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஒவ்வொரு வீட்டு மாவும் ஒரு மாதிரி. நம்பி இருக்கக்கூடிய அளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் போலி பி12, உடலுக்குப் பயன்படாது. கழுவாத காய்கறி மண்ணில் கிடைக்கும் என்று ஒரு கதை உலவுகிறது. அதில் கிடைப்பது குடற்புழு.

இந்த ஒன்றில் மட்டும் காரணம் எதுவானாலும் பதில் ஒன்றே: வெளியில் இருந்து எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்குத் தேவை 2 மைக்ரோகிராம் சொச்சம்தான். ஆனால் குடல் ஒரு வேளையில் முறைப்படி உறிஞ்சுவது ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமோடு நின்றுவிடும். அதற்கு மேல் கொடுப்பதில் நூற்றில் ஒரு பங்குதான் தானாகக் கசிந்து உள்ளே போகும். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை போடுகிறவருக்கு எண் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. பிரிட்டனின் வீகன் சொசைட்டி சொல்லும் அளவு: தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2000. இரண்டில் ஒன்று.

தாவர உணவில் கீரையும் பயறும் அதிகம், ஆகவே ஃபோலேட் என்ற விட்டமின் தாராளம். அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மூடி மறைத்துவிடும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்க, நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். பாதத்தில் எரிச்சல், மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், நாக்குப் புண், மறதி வந்தால் மாத்திரைக் கடையோடு நிற்காதீர்கள், ஊசி தேவைப்படலாம். கறி சாப்பிட்டு வந்தவருக்குக் கல்லீரலில் சில வருடச் சேமிப்பு இருக்கும். பால் மட்டும் சாப்பிட்டு வந்த சைவருக்கு அது ஏற்கெனவே அடிமட்டத்தில் கிடக்கலாம். அவர் பாலையும் விடும்போது முதல் நாளே தொடங்க வேண்டும்.

நீரிழிவுக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் வகை மாத்திரை நீண்ட நாள் எடுப்பவர்களுக்குப் பி12 உறிஞ்சுவது இன்னும் குறையும்.

#15 செக்கடி

மருந்துக்கடையில் பி12 கேட்டால் மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம் தருகிறார்கள். சரியா?

#16 ஆய்வகத்தட்டு

சரிதான். வாரம் இரண்டு போதும். ஆனால் அட்டையைத் திருப்பி உட்பொருளைப் படியுங்கள். அதே பெயர் சாயலில் பிரிகாபலின் அல்லது காபாபென்டின் சேர்ந்த நரம்பு வலி மாத்திரைகள் இருக்கின்றன. அவை தூக்கம், தலைசுற்றல் தரும், மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாதவை. மெத்தில்கோபாலமின் மட்டும் அல்லது சயனோகோபாலமின் மட்டும் என்று இருப்பதை வாங்குங்கள்.

ரத்தச் சோதனையை மாத்திரை தொடங்கும் முன்பே செய்யுங்கள். தொடங்கிய பிறகு எண் ஏறியே காட்டும், நிலைமை தெரியாது. மி.லி.க்கு 200 பிகோகிராமுக்குக் கீழே குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகக் கட்டம், அங்கே ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலம் பார்த்தால் தெளியும்.

#17 கடலைப்பால்

தயிர் இல்லாமல் சாப்பாடு முடியாது என்பதால்தான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். கடலைத் தயிரை ஒழுங்காக உறைய வைத்தால் பாதிச் சண்டை ஜெயித்த மாதிரி.

பச்சை நிலக்கடலை 150 கிராம். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் வரும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் காய்ச்சினாலும் போகாது. எட்டு மணி நேரம் ஊறட்டும். தோலைத் தேய்த்துக் கழுவுங்கள். தோல் இருந்தால் நிறம் மங்கும், துவர்ப்பு வரும். முதலில் 150 மி.லி. தண்ணீரில் வெண்ணெய் போல அரைத்து, பிறகு 300 மி.லி. சேர்த்து ஒரு சுற்று. துணியில் பிழியுங்கள். சக்கையை அடைமாவில் போடலாம். அடி கனமான பாத்திரத்தில் கிளறிக்கொண்டே கொதி வந்த பிறகு பத்து நிமிடம். இது அடி பிடிக்கும், பசும்பாலைப் போல விட்டுவிட்டுப் போக முடியாது.

இளஞ்சூட்டுக்கு, அதாவது 40 டிகிரி பக்கம், ஆறியதும் அரை தேக்கரண்டி சர்க்கரை கலக்குங்கள். இதில் லாக்டோஸ் இல்லை, பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். முதல் உறைக்கு பச்சை மிளகாய்க் காம்பு எட்டு முதல் பத்து, பச்சைக் குல்லாயோடு கழுவிப் போட்டு மூடிவிடுங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம். இந்த முதல் தயிர் சாப்பிட அல்ல, உறைமோருக்கு. கொஞ்சம் நீர்த்து, காரவாடையோடு இருக்கும். அதில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து அடுத்த பாலுக்குப் போட்டால் எட்டு மணி நேரத்தில் கெட்டியாக உறையும். மூன்றாவது உறையில் வாடை சுத்தமாகப் போய்விடும்.

#18 மோர்ப்பந்தல்

நூல் நூலாக இழுக்கிறதே? சில தடவை கீழே தண்ணீர், மேலே கட்டி.

#19 கடலைப்பால்

நூல் இழுத்தால் காம்போடு வந்த வேறு பாக்டீரியா ஆதிக்கம் பிடித்துவிட்டது. அந்த உறையைத் தொடராதீர்கள், புதுக் காம்போடு முதலில் இருந்து. இளஞ்சிவப்பு, கறுப்பு, பச்சைப் புள்ளி ஏதாவது தெரிந்தால் மேலே வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடும் வேலை வேண்டாம், மொத்தமும் குப்பைக்கு.

தண்ணீர் பிரிவதற்கு இரண்டு காரணம்: பால் நீர்த்தது அல்லது அதிக நேரம் வெளியே நின்றது. சித்திரை வெயிலில் ஐந்து மணி நேரத்தில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பால் காய்ச்சும்போது ஒரு தேக்கரண்டி சோளமாவை (கார்ன்ஃப்ளார்) ஆறிய பாலில் கரைத்துச் சேர்த்தால் கட்டி நிற்கும்.

மோர்க்குழம்புக்கு: ஊறவைத்த துவரம்பருப்பு ஒரு மேசைக்கரண்டியைத் தேங்காய், சீரகம், மிளகாயோடு அரைத்துக் காய்களோடு முதலில் கொதிக்கவிடுங்கள். அடுப்பைத் தணித்துக் கடைசியில் கடைந்த கடலைத் தயிர். நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கொதித்தால் திரியும், திரிந்ததை மீட்க வழியில்லை.

#20 டிகிரிகாபி

சோயாப் பால் காபியில் ஏன் திரிகிறது என்று யாரோ கேட்க வேண்டும், யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

டிகாக்‌ஷனில் அமிலம் இருக்கிறது. சோயாப் புரதம் அமிலத்தில் உறைவது. சூடு சேர்ந்தால் சீக்கிரம். கொதிக்கிற பாலைக் கொதிக்கிற டிகாக்‌ஷனில் ஊற்றினால் திரியாமல் என்ன செய்யும்? பாலைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி டம்ளரில் ஊற்றி, டிகாக்‌ஷனை அதில் சிறுகச் சிறுக விடுங்கள். கறுக்க வறுத்த கொட்டையில் புளிப்பு குறைவு. சிக்கரி கலந்த தூள் இங்கே உதவிதான், சுத்தக்காரர்கள் மன்னிக்க. அப்படியும் திரிந்தால் டிகாக்‌ஷனில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகச் சமையல் சோடா. கூடினால் சோப்புச் சுவை வரும். கடையில் 'பாரிஸ்டா' என்று விற்கும் பாக்கெட்டில் பொட்டாசியம் பாஸ்பேட் சேர்ப்பதும் இதே வேலைக்குத்தான்.

வீட்டில் சோயாப் பால் எடுக்கிறவர்களுக்குப் பச்சை வாடைதான் தலைவலி. ஊறிய பயறைக் குளிர்ந்த தண்ணீரில் அரைத்தால் ஒரு நொதி வேலை செய்து வாடையைக் கிளப்பும். ஊறியதைக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து, வெந்நீர் விட்டே அரையுங்கள். 100 கிராம் பயறுக்கு 800 மி.லி. வடிகட்டிய பிறகு 15 நிமிடமாவது கொதிக்க வேண்டும், பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சூடேறும்போது கொதிக்கும் முன்பே நுரை பொங்கும். அதைக் கொதி என்று எண்ணி இறக்கினால் வயிறு பேசும்.

#21 கேழ்வரகுக்கூழ்

பாலை எடுத்ததும் கூடவே போவது கால்சியம் என்று எல்லோருக்கும் தெரியும். அயோடின் போவது தெரியாது. பால் ஓரளவு அயோடின் தரும் உணவு. அதை விட்ட அதே வாரம் "ஆரோக்கியம்" என்று இந்துப்புக்கும் இளஞ்சிவப்பு உப்புக்கும் மாறினால் இரண்டு வழியும் அடைபடும். அயோடின் கலந்த சாதா உப்பே போதும், மூடிய டப்பாவில் வைத்துச் சமையலின் கடைசியில் போடுங்கள்.

கால்சியம் பெரியவருக்கு நாளைக்கு 1000 மி.கி. என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. கேழ்வரகு 100 கிராமில் 350 பக்கம். தோலோடு உள்ள எள்ளில் 100 கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல், ஆகவே இரண்டு மேசைக்கரண்டி எள்ளுப்பொடி 200 வரை தரும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் பெரும்பகுதி போய்விடும். முருங்கைக்கீரை, அகத்தி நல்லவை. பசலையில் ஆக்சலேட் அதிகம், எண் பெரிதாக இருந்தாலும் உடலுக்குச் சேர்வது சொற்பம். டோஃபுவில் கால்சியம் சல்பேட் போட்டு உறைந்ததில்தான் கால்சியம் இருக்கும். வீட்டில் எலுமிச்சை பிழிந்து எடுத்ததில் புரதம் கிடைக்கும், கால்சியத்தை எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக் கடலைப் பாலும் அப்படித்தான்: கால்சியமோ பி12ஓ சேர்க்காதது.

புரதம் 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். ஆறு பேருக்கு 200 கிராம் துவரம்பருப்பில் வைக்கும் சாம்பாரில் தலைக்கு 7 கிராம்தான் தேறும். "தினமும் சாம்பார் சாப்பிடுறோமே" என்ற தைரியம் வேண்டாம். 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10, ஒரு கைப்பிடி நிலக்கடலை 40 கிராமுக்கு 10, உலர்ந்த மீல்மேக்கர் 25 கிராமுக்கு 13. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறு அதை நிரப்பும். ஒரே வேளையில் சேர வேண்டும் என்பதில்லை, ஒரு நாளைக்குள் போதும்.

சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டுமல்ல, இரும்பைச் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு டீ அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளுங்கள்.

#22 செக்கடி

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் சோயா சாப்பிடலாமா?

#23 ஆய்வகத்தட்டு

சாப்பிடலாம். மாத்திரை வெறும் வயிற்றில், சோயா சில மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி. புதிதாகத் தினமும் சோயா தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தச் சோதனை பாருங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த இழையில் சொன்ன எதையும் நேரடியாகப் பின்பற்றாதீர்கள். கீரை, பயறு, இளநீர் எல்லாம் பொட்டாசியம். அவர்களுக்கு அளவு போட வேண்டியது அவர்களின் மருத்துவர்.

#24 மோர்ப்பந்தல்

வீட்டில் எல்லோரும் மாறினால் கைக்குழந்தைக்குக் கடலைப்பால் கொடுக்கலாமா?

#25 ஆய்வகத்தட்டு

கூடாது. ஒரு வயதுக்குள் தாய்ப்பால், அது இல்லாவிட்டால் குழந்தைகளுக்கான ஃபார்முலா. சோயா அடிப்படையிலான ஃபார்முலா உண்டு, குழந்தை மருத்துவர் சொன்னால் மட்டும். வீட்டில் எடுத்த எந்தத் தாவரப் பாலும் அதற்கு மாற்றாகாது.

பாலூட்டும் தாய் பி12ஐ விடவே கூடாது. தாய்க்குக் குறைந்தால் பாலிலும் குறையும். உட்காரக் கற்ற குழந்தை மறுபடி சாய்வது, சிரிப்பு மறைவது, கைகால் நடுக்கம் என்று வருவதை நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் நெடுநாளாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கர்ப்பம் உறுதியான நாளில் இருந்தே மகப்பேறு மருத்துவரிடம் "பாலும் முட்டையும் எடுப்பதில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் பால் குடிப்பதாகத்தான் எழுதிக்கொள்வார்.

#26 கடலைப்பால்

முட்டைக்கு யாரும் வரவில்லை. கேக்கில் ஒரு முட்டைக்குப் பதில் பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று, பத்து நிமிடம் ஊறினால் கொழகொழப்பு வரும். பிடிமானம் தரும், உப்ப வைக்காது. முட்டையை நம்பி உப்பும் ஸ்பாஞ்சுக்கு இது சரிப்படாது. ஆம்லெட்டுக்குக் கடலைமாவு அரை கப், தண்ணீர் முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவு, வெங்காயம், மிளகாய். சுட்டு எடுத்த பிறகு மேலே கறுப்பு உப்பு ஒரு சிட்டிகை தூவுங்கள். முட்டை வாடைக்குக் காரணமான கந்தகம் அதில் இருக்கிறது. மாவிலேயே போட்டால் சூட்டில் வாடை பறந்துவிடும்.

#27 பழையசோறு

பயறு கூட்டியதில் காற்றுத் தொல்லை. அதற்கு ஏதாவது சொல்லுங்கள். பி12 விஷயம் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

#28 கேழ்வரகுக்கூழ்

சோதனை போதும், ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பயறை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். முதல் வாரம் பாசிப்பருப்பு மட்டும், நாளைக்கு 30 கிராம். அடுத்த வாரம் தட்டைப்பயறு. கொண்டைக்கடலை, ராஜ்மா கடைசியில். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி, வேகவைக்கும்போது புதுத் தண்ணீர். முளைகட்டினால் இன்னும் லேசு. விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், அரைவேக்காடுதான் பாதித் தொல்லை. மீல்மேக்கரை உப்புப் போட்ட வெந்நீரில் வேகவைத்துப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்த பிறகு மசாலாவில் சேருங்கள். ராஜ்மாவை மட்டும் பச்சையாகவோ மந்தச் சூட்டிலோ சமைக்காதீர்கள். அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் கொதித்தால்தான் அழியும். குக்கரில் வைப்பதே பாதுகாப்பு.